இசை கேட்கும் அறையும் ஒலிபெருக்கியும்



விலை உயர்ந்த பொருள் எங்கே வைத்தாலும் உயர்ந்த பயனே தரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதியளவே உண்மை. வீட்டில் நல்லிசை கேட்பதற்கென்று இலட்சக்கணக்கில் விலையுள்ள ஒலிபெருக்கிகள் இன்று கிடைக்கின்றன. வாங்கியவர்களுள் சிலர், கடையில் கேட்ட இனிமை வீட்டில் இல்லையே என்று வருந்துவதும் உண்டு. நாளை நீங்களும் உங்கள் உழைப்பின் ஊதியத்தை இத்தகைய கருவிகளுக்குச் செலவிடலாம். தேர்வுக்காகப் படிக்கும் ஒலியியல் பாடம் அன்று உங்களுக்கு எவ்வாறு துணை செய்யும் என்பதை இப்பொழுது காண்போம்.

இன்று நாம் வீடுகளில் பயன்படுத்தும் ஒலிபெருக்கியின் அமைப்பை 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு இணைந்த ஒரு கூம்புத்தாள். சுருளில் மாறுகின்ற மின்னோட்டம் பாயும்போது தாள் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிர்விக்கிறது. ஆழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பும், நுண்ணிய உச்ச ஒலிக்குச் சிறிய கூம்பும் வேண்டும். ஆதலால் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று கூம்புகளைப் பொருத்துகின்றனர்.

முதற்கேள்வி, எந்த இடத்திற்கு என்பது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் தெருக்கூத்து திறந்தவெளியில் விடிய விடிய நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. பேச்சையும் பாட்டையும் தொலைவுக்குச் செலுத்தக் குழாய் ஒலிபெருக்கி அவ்விடத்துக்கு ஏற்றது. அதையே வீட்டு அறையில் வைத்தால் காது நோகும். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் ஆழ்ந்த ஒலியும் கேளாது. இடத்திற்குப் பொருந்தாத கருவி, எவ்வளவு நல்லதாயினும் வீணே.

அடுத்தது அறை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில் பேராசிரியர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்து விநாடிக்கு மேல் நின்று அடுத்த சொற்களை மூடிவிட்டது. வாலஸ் சாபின் என்னும் இளம் ஆசிரியரிடம் அதைச் சீர்செய்யும் பொறுப்பு வந்தது. அவர் வேறொரு அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து அடுக்கி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. எனவே அதையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

அவர் கண்ட விதி எளியது. அறையின் பருமனைக் கன மீட்டரில் கொண்டு 0.161-ஆல் பெருக்கி, ஒலியைக் கவரும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்கத்தின் காலம் விநாடியில் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள காங்கிரீட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 94 சதுர மீட்டர். வழவழப்பான பூச்சும் தரை ஓடும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கே கவர்வதாகக் கொண்டால், எதிர்முழக்கம் ஏறக்குறைய மூன்றரை விநாடி நிற்கும். அதை அரை விநாடியாகக் குறைக்க, 19 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு நிகரான கவர்ச்சி வேண்டும். கனமான திரைகள், பஞ்சு மெத்தை, புத்தக அலமாரி, தடித்த விரிப்பு ஆகியவை இதைத் தரும். நடுவில் அமர்ந்திருக்கும் மனிதர்களும் ஒலியைக் கவர்வர்!

இவ்வுண்மையை நம் மாவட்டத்திலேயே உணரலாம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில் சுற்றிலும் கல்லே உள்ளது. கல் ஒலியை விழுங்காது. திறந்த முன்புறமே அதற்கு வழி. விழுப்புரத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டுவீடு ஒன்றையும், திண்டிவனத்தில் புதிதாய்க் கட்டிய காங்கிரீட்டு வீடு ஒன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வானம் பார்த்த முற்றம் மிகப் பெரிய திறந்த சன்னல். ஒரே ஒலிபெருக்கி முன்னதன் கூடத்தில் தெளிவாகப் பாடும்; பின்னதன் வெற்று அறையில் முழங்கும்.

அறையின் வடிவமும் கருதத்தக்கது. 5 மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே விநாடிக்கு 35 அதிர்வுகளை ஒட்டி நிலை அலை தோன்றும். 4 மீட்டருக்கு 44, 3 மீட்டருக்கு 58. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமானால் இவை ஒன்றிலேயே குவியும். அந்த ஒரு சுரம் மட்டும் பூதாகாரமாக எழும். ஒலிபெருக்கியை மூலையில் வைத்தாலும் ஆழ்ந்த ஒலி மிகுந்து கலங்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் இட்ட கரிய பூச்சே அதன் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்று சர் சி. வி. இராமன் 1920-இல் விளக்கினார். அந்த ஒழுங்கு கலக்கத்தில் மறைந்துவிடும்.

இனி இணைப்பு. இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே வகையின் இணையாக இருத்தல் வேண்டும். அவை இரண்டும், கேட்பவரும், சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் அமைய வேண்டும். சிறிய கூம்பு காதின் உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு வாட் ஆற்றலில் ஒரு மீட்டர் தொலைவில் 84 டெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்கு, 90 டெசிபெல் தருவதைப் போல நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் ஆற்றல் இருமடங்காகிறது. 4 ஓம் ஒலிபெருக்கி, 8 ஓம் உடையதைக் காட்டிலும் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று முன்னரே கேட்டறிக.

வாங்கும்போது உங்களுக்கு நன்கு பழகிய பாடல் பதிவு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் மனிதக் குரலைக் கேளுங்கள். அதன் இயல்பைப் பிறந்தது முதல் நம் செவி அறியும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியின் அளவைச் சமமாக்கிய பின்னரே ஒப்பிடுங்கள். சற்று உரத்துப் பாடுவதையே சிறந்ததென்று செவி தவறாக மதிப்பிடும். விற்பவர் சொல்லைக் கேளுங்கள். தீர்ப்பை உங்கள் செவியிடம் விடுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். 85 டெசிபெல் ஒலியை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டாலே செவி பழுதடையும் என்பர். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்லுக்கு மிகலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்துள்ளன. அண்டை வீட்டில் ஒரு குழந்தை உறங்கலாம். ஒரு மாணவர் தேர்வுக்குப் படிக்கலாம்.

ஆகவே, கையிலுள்ள பணத்தில் முதற்பங்கை அறையைச் சீராக்குவதற்கு ஒதுக்குங்கள். எஞ்சியதற்கேற்ற ஒலிபெருக்கியையும், அதற்குப் பொருந்தும் ஆம்ப்ளிஃபயரையும் பின்னர்த் தேடுங்கள். விரிப்புக்கும் திரைக்கும் செலவிடும் சில ஆயிரம், கருவிக்கு மேலும் செலவிடும் பல ஆயிரத்தைவிட மிகுந்த இன்பம் தரும்.