அணையின் அடிநீரும் டிரவுட் மீனும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூகோளம் கற்பித்தவன் நான். அணைகளின் பயன்கள் யாவை என்று வினவுவதும், பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்னும் நான்கையும் எழுதியவருக்கு முழு மதிப்பெண் வழங்குவதும் என் வழக்கம். ஒரு முறை ஒரு மாணவன் ஐந்தாவதாக, "அணை ஆற்றைக் குளிரச் செய்கிறது" என்று எழுதியிருந்தான். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன் அவன். அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவனும் காரணம் கேட்கவில்லை; நானும் அவனை ஒரு சொல் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர் டெலவேர் ஆற்றின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தச் சிவப்புக் கோடு என் நினைவுக்கு வந்து உறுத்திற்று.

டெலவேர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் ஓடும் ஆறு. அதன் கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் நியூயார்க் மாநிலத்துக் காட்ஸ்கில் மலைகளில் தோன்றி ஹான்காக் என்னும் ஊரில் கூடுகின்றன. நியூயார்க் நகரம் தன் தாகம் தீர்க்க இம்மலைகளை நாடியது. நெவர்சிங்க், பெபாக்டன் என்ற இரு அணைகள் 1950களிலும், கானன்ஸ்வில் அணை 1960களிலும் எழுந்தன. பெபாக்டன் நீர்த்தேக்கத்தில் நான்கு சிற்றூர்கள் மூழ்கின. அவற்றுள் ஒன்றன் பெயரே அதற்கு இன்றும் வழங்குகிறது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள மாநிலங்கள் வாளாவிருக்கவில்லை. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சென்றது. நாளொன்றுக்கு 80 கோடி காலன் வரை நகரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மான்டேகு என்னுமிடத்தில் வினாடிக்கு 1,750 கன அடி நீர் ஓடுமாறு அணைகளிலிருந்து திறந்துவிட வேண்டும் என்று 1954இல் தீர்ப்பாயிற்று. நீதிபதிகள் நீரின் அளவைக் கருதினர். மீனைப் பற்றிய பேச்சு அவ்வளவில் எழவில்லை.

இனி அணைக்குள் நிகழ்வதைப் பாருங்கள். கோடையில் மேற்பரப்பு நீர் வெயிலால் சூடேறி இலேசாகிறது. குளிர்ந்த நீர் கனமுடையது; அது அடியில் தங்கிவிடுகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடி மதகைத் திறந்தால் நடுக் கோடையிலும் குளிர்நீரே வெளிவரும். டிரவுட் மீனுக்கு வேண்டியது அதுவே. நீரின் வெப்பம் 20 பாகை சென்டிகிரேடைத் தாண்டினால் அது வாடத் தொடங்குகிறது. 25 பாகையை ஒட்டிச் சென்றால் உயிருக்கே ஆபத்து. பிராணவாயுவின் கணக்கும் இதனோடு சேர்ந்தது. 10 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 25 பாகையில் 8 மில்லிகிராம் அளவே தாங்கும்.

ஆகவே கோடையில் வெதுவெதுப்பாக ஓடிய கீழ்ப்பகுதிகள், அணைகள் வந்தபின் டிரவுட் வாழும் இடங்களாயின. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பேறு இது. இம்மீன்களோ இரண்டுமே விருந்தாளிகள்! பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்தன. வானவில் டிரவுட், பசிபிக் கரைப் பக்கத்து மீன். தூண்டிற்காரர்கள் திரண்டு வந்தார்கள். கரையோரச் சிற்றூர்களில் விடுதிக்காரரும் படகோட்டிகளும் அவர்களால் பிழைத்தார்கள்.

ஆனால் மதகு மீனுக்காகத் திறக்கப்படுவதன்று. கீழே நல்ல மழை பெய்தால் மான்டேகுவின் கணக்கு மழைநீராலேயே நிறைவேறிவிடும். உடனே மதகைக் குறைப்பார்கள். அடுத்த நாள் வெயில் காய்ந்தால் மேலாற்றில் நீர் மெலிந்து சூடேறும். மழை பெய்ததால் மீன் தவிக்கும் விந்தையை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை! மதகைத் திடீரென அடைத்தால் கரையோரக் கூழாங்கற்கள் வெளிப்பட, குஞ்சுகள் சிறு குட்டைகளில் சிக்கி மாளும். பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்தில் சரளைக் கற்களினிடையே முட்டையிடும். குளிர்காலத்தில் நீர் குறைந்தால் அம்முட்டைகள் உலர்ந்தோ உறைந்தோ அழியும்.

மதகாளர்களைக் குறைகூறல் எளிது. அவர்கள் இன்று திறக்கும் நீர் மான்டேகுவை அடைய ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். இடையில் மழை பெய்துவிட்டால் திறந்த நீர் வீண். 1960களின் கொடிய வறட்சியைக் கண்ட நகரம் நீரை எண்ணி எண்ணிச் செலவிடுவதில் வியப்பில்லை. குடிநீர்க் குழாய்க்கும் மீனுக்கும் போட்டி வந்தால் குழாயின் பக்கமே நான் நிற்பேன். எனினும் வழக்கின் பெரும்பகுதி அளவைப் பற்றியதன்று, வேளையைப் பற்றியது என்பதே என் எண்ணம். அதே நீரைச் சற்று முன்னதாகவும், படிப்படியாகவும் விடலாமே!

நீர் திறப்பை ஒழுங்குபடுத்த நியூயார்க் மாநிலம் 1976இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 2007இல் நான்கு மாநிலங்களும் நகரமும் கூடி, தேக்கத்தின் இருப்பையும் பருவத்தையும் பார்த்து நீர்விடும் நெகிழ்வான திட்டம் ஒன்றை வகுத்தன. அதற்குள் 2004, 2005, 2006 என மூன்றாண்டுகள் அடுத்தடுத்து வெள்ளம். வீடிழந்தோர் அணையில் வெற்றிடம் வைக்கக் கோரினர். நகரம் நிறைந்த அணையை விரும்பியது. தூண்டிற்காரர் ஆடி வெயிலுக்குக் குளிர்நீர் கேட்டனர். கேட்பவர் மூவர், தேக்கம் ஒன்றே.

அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேலிருக்கும். அணைக்குக் கீழே ஓடையில் கால் வைத்துப் பார்த்துத்தான் அவன் அவ்வரியை எழுதியிருக்க வேண்டும். இவ்வொலிபரப்பை அவன் கேட்க நேர்ந்தால், அந்த ஒரு மதிப்பெண்ணை நான் அவனுக்குத் தர வேண்டியிருக்கிறது.