யாருடைய வேலைக்குப் போகிறோம்?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஸ்ரேலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு லயத்துக்கு லயம் அடிபடுகிறது. விவசாய வேலைக்கு 10,000 பேரை அனுப்ப 2023 நவம்பரில் நமது அரசாங்கம் இணங்கியது. அங்கே ஏன் ஆள் குறைந்தது என்று எந்த ஏஜென்சிக்காரரும் சொல்லமாட்டார். நாமே பேசுவோம்.

போர் தொடங்கியதும் தாய்லாந்துத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினார்கள். பலஸ்தீனத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை அனுமதியே நிறுத்தப்பட்டது.

இவர்கள் யார்? நம்மைத் தேயிலைக்குக் கொண்டுவந்த அதே பிரித்தானிய ஆட்சிதான் பலஸ்தீனத்தையும் ஆண்டது. யூதருக்கு அங்கே ஒரு தாயகம் என்று 1917இல் வாக்குக் கொடுத்தது. காணி கைமாறுவதை எதிர்த்தும் தேர்ந்தெடுத்த ஆட்சி கேட்டும் 1936இல் பலஸ்தீனர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு மாதம், தோழர்களே! ஒரு வாரம் வேலையை நிறுத்தினாலே அடுப்பு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். யாப்பா நகரில் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது பிரித்தானிய இராணுவம்.

1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டும் பயந்தோடியும் அகதியானார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன. (அதே ஆண்டுதான் நம்முடைய பிரஜாவுரிமையும் போனது.) ஊர் திரும்ப அவர்களை அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா. அந்த டிசம்பரிலேயே தீர்மானித்தது. இன்றுவரை நடக்கவில்லை.

1967இல் காஸாவும் மேற்குக் கரையும் இஸ்ரேலின் பிடிக்குள் போயின. பிறகு முகாம் மக்கள் இஸ்ரேலியத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் நாட்கூலியாகப் போனார்கள். விடியுமுன் புறப்பட்டு இரவில் திரும்ப வேண்டும். அங்கே தங்க அனுமதியில்லை. 1987 டிசம்பர் 8ஆம் திகதி, வேலை முடிந்து திரும்பிய காஸா தொழிலாளரின் வண்டிகளில் இஸ்ரேலிய லொறி மோதி நால்வர் இறந்தார்கள். ஜபாலியா முகாமில் மூண்ட கோபம் நாடு முழுதும் எழுச்சியாகப் பரவியது. கடையடைப்பு, வேலை மறிப்பு, வரிமறுப்பு என்று வருடக்கணக்கில் நின்றார்கள்.

2023 அக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் தாக்குதலில் இலங்கையர் இருவரும் மாண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்கள். அதன்பின் காஸாவில் விழுந்த குண்டுகளுக்குப் பல்லாயிரம் பேர் பலியானார்கள். ஜபாலியாவும் தரைமட்டமானது.

இங்கே சம்பளம் போதாமல் புறப்படும் பிள்ளையை நாம் குறை சொல்லமாட்டோம். அவனை அங்கே தள்ளும் சம்பளத்தோடும், தடுக்கப்பட்டவர் இடத்துக்கு நம்மை அனுப்பும் ஒப்பந்தத்தோடும்தான் நமக்கு வழக்கு. இரண்டையும் மாவட்டக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். கையில் விண்ணப்பம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை அதைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். எந்த ஊர், என்ன காப்புறுதி, அந்த வேலையில் முன்பு இருந்தது யார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம்.