பிராய்லர் குஞ்சும் புரோபயாடிக் பொடியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தேயிலையைப் பற்றிப் பேசாமல் கோழிக்குஞ்சின் குடலைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், 1998-ஆம் வருஷத்திற்குப் பின் பசுந்தேயிலையின் விலை சரிந்ததும், நம்மவருள் சில குடும்பத்தார் கடன் வாங்கிக் கொட்டகை போட்டுப் பிராய்லர் வளர்க்கத் துணிந்ததும் இச்சபையோர் அறிந்ததே. அக்கொட்டகைகளைத் தேடி இப்பொழுது புரோபயாடிக் என்னும் பொடிப் பொட்டலங்கள் மலையேறி வருகின்றன. சகல ரோக நிவாரணி என்று விற்பவர் கூறுவர். வெறும் மாவென்று சிலர் இகழ்வர். இரண்டும் உண்மையன்று.

கொல்லையில் திரியும் பெட்டைக்கோழி தன் குஞ்சுகளுக்கு உணவைக் காட்டிக் கொடுப்பதோடு, தன் எச்சத்தின் வாயிலாகக் குடலுக்கு வேண்டிய நற்கிருமிகளையும் கொடுத்துவிடுகிறது. பிராய்லர் குஞ்சோ தாயின் முகத்தையே காணாதது. இயந்திரத்தில் இருபத்தொரு நாளில் பொரிந்து, அட்டைப் பெட்டியில் ஏறி, கொட்டகையில் இறங்குகிறது. அதன் குடல் குடியேறாத வீட்டைப் போன்றது. முதலில் நுழைபவனே திண்ணையைப் பிடித்துக்கொள்வான். பின்லாந்து தேசத்து நூர்மி, ரன்டாலா என்னும் இருவர், வளர்ந்த கோழியின் குடற்பொருளைக் கரைத்துப் புதுக்குஞ்சுகளுக்குப் புகட்டினால் சால்மொனெல்லா என்னும் தீய கிருமி எளிதில் தங்க மாட்டாதென்று 1973-இல் வெளியிட்டனர். நற்கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரையைப் பங்கிட்டு உண்கின்றன. புளிப்பை உண்டாக்கித் தீயவற்றை ஒடுக்குகின்றன. தாய்க்கோழி செய்யவேண்டிய இவ்வேலையைச் செய்யவே இப்பொடி ஏற்பட்டது.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தவையே இப்பொட்டலங்கள் பலவற்றில் உள்ளன. குன்னூரில் 1907-இல் ஏற்பட்ட பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டை நாய்க்கடி மருந்தின் பொருட்டு நம் முன்னோர் நன்கறிவர். அப்பெயருக்குரிய பாஸ்டியர், வலுக்குன்றிய கிருமியால் நோயைத் தடுக்கலாமென்று கண்டது கோழிகளின் காலராவை ஆராய்ந்த பொழுதே. பாரிஸ் நகரத்துப் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில் பணிபுரிந்தவரும் 1908-இல் நோபெல் பரிசு பெற்றவருமான மெச்னிகாவ், புளித்த பாலின் கிருமிகள் குடலுக்கு நன்மை பயக்குமென்று வாதித்தார்.

இனி, நாம் செய்த பிழையொன்றை மறையாது கூறுகிறோம். ஒரு கார்த்திகை மாதத்து மழையிரவில் மேட்டுப்பாளையத்திலிருந்து நனைந்த வண்டியில் குஞ்சுகள் வந்திறங்கின. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பொடியைக் கரைத்தோம். விற்றவர் சொற்படி ஆண்டிபயாடிக் மருந்தையும் அதிலேயே சேர்த்தோம். குளிருக்கு அஞ்சி நாற்புறமும் படுதாவை இறுகக் கட்டினோம். ஆறாம் நாள் உள்ளே நுழைந்தால் நவச்சார நெடியில் கண் எரிந்தது. உமி ஈரமாய்க் கட்டிப்போயிருந்தது. ஐந்தில் ஒன்று மாண்டுபோயிற்று. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், “விலை கொடுத்து வாங்கிய நற்கிருமியைக் குளோரினாலும் மருந்தாலும் நீங்களே கொன்றீர்கள், மற்றதைக் குளிரும் ஈரமும் செய்தன” என்றார். அத்தவணைக் கடனை அடைக்க வீட்டு நகை போயிற்று.

ஆண்டிபயாடிக்கைச் சிறு அளவில் தீவனத்தில் இட்டால் கோழி விரைவில் பெருக்குமென்று 1940-களின் இறுதியில் கண்டறிந்தனர். உலகமெங்கும் அது வழக்கமாயிற்று. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதனால் பெருகின. ஐரோப்பிய யூனியன் 2006-ஆம் வருஷம் ஜனவரி முதல் அவ்வழக்கத்தை அறவே தடுத்தது. மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்குரிய பிராணிகளுக்குத் தருவதை இந்திய சர்க்கார் 2019-இல் தடை செய்தனர். நம் கொட்டகையில் பழகிய கிருமி நம் பிள்ளைகளையே பற்றினால், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து செல்லாது போகலாம். புரோபயாடிக்கைப் பலர் நாடுவது இக்காரணத்தாலேயே.

பொடிக்குள் எக்கிருமி உள்ளதென்று பார்த்து வாங்கவேண்டும். தயிர்க்கிருமி வகை சூட்டைத் தாங்காது. அதை முதல் நாள் முதற்கொண்டு குளோரின் கலவாத தண்ணீரில் கொடுப்பதே முறை. பாசில்லஸ் என்னும் வகையோ தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு உறங்க வல்லதாகையால், குருணைத் தீவனம் அழுத்தும் சூட்டையும் பொறுக்கும். காலாவதித் தேதியும் உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கையும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடவேண்டாம்.

பொடியால் ஆகாதவையும் உண்டு. உதகமண்டலம் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்த உயரத்தில், விரைந்து கொழுக்கும் பிராய்லரின் இருதயம் அளவுக்கு மீறி உழைத்து, வயிற்றில் நீர் கோத்துக் கோழி மாண்டுபோகும். குளிர் அதை மிகுவிக்கும். முதல் வாரங்களில் தீவனத்தை மட்டுப்படுத்தி வளர்ச்சியைச் சற்றுத் தாமதிக்கச் செய்தால் இச்சேதம் குறையும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தே வழி. முதல் வாரத்தில் குஞ்சு நிற்குமிடத்தில் ஏறக்குறைய 32 டிகிரி வெப்பம் வேண்டும். ஆயினும் மேலே காற்றுப் போக வழி விடவேண்டும்.

சுத்தமான கொட்டகையில் பொடியால் வரும் லாபம் சொற்பமாகவும் இருக்கலாம். ஆகையால் கொட்டகையை இரண்டாய்த் தடுத்து, ஒரு பாதிக்குப் பொடி கொடுத்தும் மறு பாதிக்குக் கொடாமலும் வளர்த்துப் பார்க்கும்படி கோருகிறோம். நாற்பது கிராம் குஞ்சு ஏழாம் நாளில் நான்கு மடங்கேனும் ஆகவேண்டும். நிறை, தின்ற தீவனம், இறந்தவற்றின் தொகை ஆகிய மூன்றையும் தாய்மார்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பாராக. நமது கொட்டகையில் அடுத்த தவணைக்கு நடுத்தடுப்பு வைத்தாயிற்று. அக்கணக்கை, நஷ்டமானாலும், இச்சபையிலேயே வாசிப்போம்.