தீர்த்தப் புட்டி

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 12:13-21) கூட்டத்திலிருந்து ஒருவர் இயேசுவிடம் ஒரு வழக்கைக் கொண்டுவருகிறார். குடும்பச் சொத்தைத் தன் சகோதரர் பங்கிட்டுத் தரவில்லை என்பது அவருடைய குறை. இயேசு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார மறுக்கிறார். பேராசையைக் குறித்து எச்சரித்துவிட்டு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையைச் சொல்கிறார். அந்த மனிதருடைய சொத்து என்னவென்று லூக்கா எழுதவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு கண்ணாடிப் புட்டி.

எங்கள் வீடு கோவளத்தில், 1808இல் கட்டப்பட்ட கார்மேல் அன்னை ஆலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் இருக்கிறது. அம்மாவின் பிறந்த ஊர் தெற்கே, மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம். ஒல்லாந்தர் கோட்டை கட்டி, துணி வாணிபம் செய்த ஊர் அது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களை அவர்கள் ஆங்கிலேயரிடம் விட்டுச் சென்றார்கள். கோட்டையும் அதற்குள் கல்லறைகளும் மிஞ்சின. அம்மா கல்யாணமாகி வந்தபோது பாட்டி கொடுத்தனுப்பிய சாமான்களில் ஒன்று இந்தப் புட்டி. கரும்பச்சை நிறம், நான்கு பட்டை, மேலே அகன்று கீழே குறுகிய உடல். மரப்பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்குவதற்காக அப்படிச் செய்தார்கள். உள்ளே வந்தது ஜின் என்ற மது. எங்கள் வீட்டில் அது தீர்த்தப் புட்டி. ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பில் மந்திரித்த தண்ணீரை அம்மா அதில்தான் நிரப்பி வருவார். காய்ச்சல் என்றாலும், கடலுக்குப் படகு இறங்குகிறது என்றாலும், அதிலிருந்து நான்கு சொட்டு.

அம்மா இறந்த பிறகு பிள்ளைகள் நால்வரும் கூடினோம். வீட்டைப் பற்றிப் பேச்சு சுமுகமாக முடிந்தது. புட்டியில்தான் சண்டை வந்தது. பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு விலை பேசியிருந்தார். கடைசித் தம்பிக்குப் படகு இன்ஜின் கடன் கழுத்தை நெரித்தது. அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தவர் அக்கா. "அம்மா தொட்ட பொருளை விற்றுத் தின்னப் போகிறோமா?" என்று ஒருவர். "கும்பிட்டுக்கொண்டே இருந்தால் வட்டி நிற்குமா?" என்று இன்னொருவர். அன்று நாங்கள் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் பிரிந்தோம்.

முதலில் கழுவியாவது பார்ப்போம் என்று அக்காதான் ஆரம்பித்தார். மீதியிருந்த தீர்த்தத்தைச் சாக்கடையில் விடாமல் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். பழைய கண்ணாடிக்குக் கொதிக்கும் நீர் ஆகாது, வெடித்துவிடும். கம்பி பிரஷ் போட்டால் கீறல் விழும். ஆகவே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஒரு பிடி பச்சரிசியும் போட்டு மெல்லச் சுழற்றினோம். அழுக்கு வந்தது. உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக்கறைக்கு வினிகரை ஊற்றி ஓர் இரவு வைத்தோம். அதுவும் கரைந்தது. ஆனால் தண்ணீர் நின்ற உயரத்தில் பனிமூட்டம் போல ஒரு வளையம் மட்டும் போகவே இல்லை. தண்ணீர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியையே மெல்ல அரித்துவிடுமாம். அது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல, கண்ணாடிக்குள் ஏறிய தழும்பு. இயந்திரத்தில் கொடுத்து மெருகேற்றலாம். கூடவே கண்ணாடியின் மேல்தோலும் போய்விடும். "இருக்கட்டும், அம்மா ஊற்றிய அளவு தெரிகிறது" என்றார் அக்கா.

அன்பர்களே, நம் பாவங்கள் கழுவப்படக்கூடியவை. ஒப்புரவு அருளடையாளம் அதற்காகவே இருக்கிறது. ஆனால் உழைத்ததாலும் பிறருக்காக அழுததாலும் வந்த தழும்புகள் அழுக்கு அல்ல. உயிர்த்த ஆண்டவரே தம் காயங்களை மறைக்காமல் சீடர்களுக்குக் காட்டினார்.

வாங்குகிறவர் மறுபடி வந்தார். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் கரடுமுரடாக இருந்த வடுவைக் காட்டினார். கண்ணாடியை ஊதிச் செய்தவர்கள் இரும்புக்கோலிலிருந்து உடைத்தெடுத்த இடம் அது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோட்டையில் இருந்த ஒல்லாந்து அதிகாரி வீட்டுப் பொருள், பரம்பரையாக உங்களிடம் வந்தது என்று ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று மடங்கு தருகிறேன்."

எங்களுக்கு அப்படி எதுவும் தெரியாது. பாட்டி வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டுமே தெரியும். ஒல்லாந்தர் போன பிறகும் இதே வடிவப் புட்டிகள் கப்பல்களில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் மூன்று மடங்கு! தம்பியின் கடன் முழுவதும் அடையும். யாருக்கு நஷ்டம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. ஒளிக்காமல் சொல்கிறோம்: எங்களில் ஒருவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போது தம்பிதான் பேசினான். "இந்தத் தண்ணீரைத் தெளித்துத்தான் அம்மா என்னைக் கடலுக்கு அனுப்பினார். இதன்மேல் பொய் எழுதி வாங்கிய இன்ஜினோடு நான் எப்படிக் கடலுக்குப் போவேன்?"

கடிதம் எழுதப்படவில்லை. அந்த மனிதர் போய்விட்டார்.

இதில் நாம் அறிய வேண்டிய சட்டமும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கடற்கரையில் கடைக்கால் தோண்டும் நம் மக்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பின்னர், உரிமம் உள்ள ஒருவரிடம், தெரிந்ததைத் தெரிந்ததாகவும் தெரியாததைத் தெரியாததாகவும் சொல்லிப் புட்டியை விற்றோம். வளையத்தைக் காட்டி விலையைக் குறைத்தார், ஒப்புக்கொண்டோம். பணத்தை நான்காகப் பிரிக்கலாம் என்றபோது, "என் பங்கும் தம்பிக்கே" என்றார் அக்கா. அதிகம் உழைத்தவர் அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் எப்படிக் கை நீட்டுவது? கடனில் பாதிகூட அடையவில்லை. ஆனால் அன்று நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

புனிதமான பொருளை விற்கலாமா என்று சிலர் எங்களைக் கேட்டார்கள். நான்காம் நூற்றாண்டில், போரில் சிறைப்பட்டவர்களை மீட்க மிலான் ஆயர் புனித அம்புரோஸ் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கி விற்றார். குறை சொன்னவர்களுக்கு, பொன்னைக் காப்பதைவிட மனிதரைக் காப்பதே மேல் என்ற பொருளில் பதில் சொன்னார். பாத்திரம் மனிதருக்காக இருக்கிறது. ஆனால் மனிதரைக் காக்கிறோம் என்று சொல்லிப் பொய்யை விற்க நமக்கு உரிமை இல்லை.

இந்த ஆண்டு பாஸ்கா இரவில் அக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் தீர்த்தம் பிடித்து வந்தார். விடியற்காலையில் தம்பியின் படகு இறங்கும்போது, அம்மாவைப் போலவே நான்கு சொட்டு தெளித்தார். தண்ணீர் அதே தண்ணீர்தான்.

நம் வீடுகளிலும் பங்கிட முடியாமல் ஏதோ ஒன்று கிடக்கலாம்: ஒரு சென்ட் நிலம், ஒரு சங்கிலி, ஒரு மரப்பெட்டி. அதை யார் எடுப்பது என்று கேட்கும் முன், நம்மில் அதிகத் தேவையில் இருப்பவர் யார், அதிகம் உழைத்தவர் யார் என்று கேட்போம். அதற்கான மனதை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.