அம்மை போனது, அம்மன் இருக்கிறாள்

பினாங்கு, ஜார்ஜ் டவுனில் உள்ள குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலை நீங்கள் அறிவீர்கள். 1833ஆம் ஆண்டில் எழுந்த கோயில் அது. நகரத்தில் மட்டுமா? செபராங் பிறையிலும் கெடாவிலும் நம்மவர்கள் பால்மரம் வெட்டப்போன தோட்டங்களில், லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் அந்தக் கோயிலின் திருவிழா என்றால், எங்கெங்கோ குடிபோனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள்.

நம் முன்னோர் மாரியம்மனிடம் மழை கேட்டார்கள். பெரியம்மையிலிருந்து பிள்ளைகளைக் காக்கும்படியும் கேட்டார்கள். அந்த நோய்க்கே 'அம்மை' என்று, அதாவது தாய் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வீட்டில் முத்துக் கண்டுவிட்டால் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். நோய் கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர் இறந்த காலம் அது. பிழைத்தவர்களிலும் சிலர் கண்ணை இழந்தார்கள்.

இந்த நோய்க்கு விஞ்ஞானம் என்ன செய்தது? இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர் இருந்தார். மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற கிராமத்துப் பேச்சை அவர் அலட்சியம் செய்யவில்லை, சோதித்துப் பார்த்தார். 1796இல் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற 8 வயதுச் சிறுவனுக்கு மாட்டம்மைப் பாலைக் குத்தினார். பிறகு அவனுக்குப் பெரியம்மைச் சீழையே செலுத்திப் பார்த்தபோதும் நோய் வரவில்லை. அம்மை குத்தும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

அம்மை குத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோரும் உண்டு. அவர்கள் பிள்ளைகள்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவை அந்தப் பிள்ளைகள்தாம்.

இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் காணப்பட்டார். 1980 மே 8ஆம் நாள், உலகிலிருந்தே அந்த நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. சின்னம்மை இன்றும் வருகிறது. அது வேறு கிருமி.

நேயர்களே, இப்போது ஒரு கேள்வி. பெரியம்மைக்குக் காரணம் வைரஸ் என்று தெரிந்துவிட்டது. அந்த நோயும் போய்விட்டது. அப்படியானால் மாரியம்மன் கோயில்கள் வெறிச்சோடியிருக்க வேண்டுமே! ஏன் அப்படி ஆகவில்லை?

அம்மை கண்ட பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். "அதே லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, என் பிள்ளை ஏன் போனான்?" என்று அவள் கேட்கிறாள். கிருமி எப்படித் தொற்றியது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி எப்படித் தோற்றது என்று டாக்டர் விளக்கலாம். அது உண்மையான பதில்தான். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றப்போவதும் அந்தப் பதில்தான். ஆனால் அந்தத் தாய் கேட்டது அதுவன்று. "இந்தத் துக்கத்தை எங்கே இறக்கிவைப்பேன்? இனி எதற்காகப் பொழுது விடிய வேண்டும்?" என்பதே அவள் கேள்வி. இதற்கு எந்தப் பூதக்கண்ணாடியிலும் விடை தெரியாது. அது விஞ்ஞானத்தின் குற்றமன்று. தராசு கொண்டு துணியை அளக்க முடியுமா?

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கு எல்லை உண்டு என்பதனாலேயே கடவுள் உண்டு என்று நிரூபணமாகிவிடாது. விஞ்ஞானத்துக்கு இன்று தெரியாத இடத்திலெல்லாம் கடவுளை உட்காரவைப்பதும் சரியன்று. இன்று தெரியாதது நாளை தெரியவரலாம். அன்று அவரை எழுந்திருக்கச் சொல்வோமா? நோய்க்குக் காரணம் அம்மனின் கோபம் என்று மட்டும் நம்பியிருந்தால், நோய் போனதும் அம்மனும் போயிருக்க வேண்டும். அவளைத் துணையாக நினைத்தவர்களுக்கோ, அவள் இன்றும் இருக்கிறாள். கடவுளை நம்பாமல், உற்றார் உறவினரின் கையைப் பிடித்துத் துக்கத்தைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் நாம் குறைவாக எண்ணலாகாது.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. இன்று நம் குடியிருப்புகளில் டிங்கிக் காய்ச்சல் இருக்கிறது. வாளியிலும் பூச்சட்டித் தட்டிலும் தேங்கிய தண்ணீரில் பிறக்கும் ஏடிஸ் கொசு அதைப் பரப்புகிறது. காய்ச்சல் தணிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கக்கூடாது. அந்த நேரத்தில்தான் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் முதலியவை தோன்றக்கூடும். அப்போது திருநீறு பூசிக் காத்திருப்பது பக்தியாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திருநீற்றைப் போகும் வழியிலும் பூசலாம்.

பிள்ளை படுத்திருக்கும் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, டாக்டர் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் உதடு "ஆத்தா" என்று முணுமுணுத்தால், அதை மூடநம்பிக்கை என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. மருந்து செய்ய வேண்டியதை மருந்து செய்யட்டும். மனத்துக்கு ஆறுதல் எங்கே கிடைக்கிறதோ, அங்கே மனம் போகட்டும். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் சுமத்தாமல் இருந்தால், இரண்டும் நமக்குத் துணையாகும்.