கணினியும் இருநேரப் பாடசாலையும்

புளியங்குளத்திலே எங்கள் பாடசாலையின் கணினி அறையில், சென்ற தவணை ஒரு மாணவன் என்னிடம் வினாவொன்றை எழுப்பினான். "சேர், நான் கட்டுரை தட்டச்சுச் செய்கிறேன், அதே கணினியிற் பாட்டும் ஓடுகிறது. இரண்டுக்கும் நினைவகம் ஒன்றுதானே? பாட்டு ஏன் என் கட்டுரைக்குள் வந்து விழுவதில்லை?" என்றான். நான் கலைப்பட்டதாரி, இயந்திர நுட்பம் பயின்றவனல்லன். ஆயினும் விடை தேடிப் படித்தபோது, என் இளமையிற் செய்த பிழையொன்று அங்கே வேறு வடிவில் நிற்கக் கண்டேன். அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

1997 ஆம் ஆண்டிலே, போர் கண்டி வீதி வழியாக எங்கள் ஊரை நெருங்கியபோது நாங்கள் இடம்பெயர்ந்தோம். காட்டோரத்து ஊரொன்றின் பாடசாலை எங்களுக்கு இடந்தந்தது. காலையில் அவ்வூர்ப் பிள்ளைகள். பின்னேரத்தில் எங்கள் பிள்ளைகள். கட்டடமும் அதுவே, மேசைகளும் அவையே. ஏழாம் மேசையில் காலையில் ஒரு பையன் இருப்பான். பின்னேரத்தில் ஒரு சிறுமி இருப்பாள். எந்த மேசை எவருக்குரியது என்பதை அந்தந்த நேரத்து இடாப்பே சொல்லும். அதிபரின் அறை மட்டும் இருநேரத்துக்கும் பொது. அங்குள்ள அலுமாரியைப் பிள்ளைகள் திறத்தல் ஆகாது.

கணினியின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுவே. அதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் முறைவழி என்பர். ஒவ்வொரு முறைவழியும் நினைவகம் முழுவதும் தனதே என்று கருதி முகவரிகளை வழங்கும். அம்முகவரி உண்மையில் எந்த இடத்தைச் சுட்டும் என்பதை அதற்குரிய பக்க அட்டவணை தீர்மானிக்கும். நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுக்கும் இம்முறை, 1962 இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணிதொடங்கிய அற்லஸ் என்னும் கணினியிலேயே அமைந்திருந்தது. இன்றைய கணினிகளிற் பக்கமொன்று பெரும்பாலும் 4096 பைற்று அளவினது.

பணிசெயல் முறைமையின் நடுவிலுள்ள கரு என்னும் பகுதியே நேரம் மாற்றும் மணியை அடிப்பது. ஒரு முறைவழியின் முறை முடிந்ததும், அது விட்ட இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த முறைவழியின் அட்டவணை இருக்கும் இடத்தைச் செயலியின் ஒரு பதிவகத்தில் இடும். இன்ரெல் வகைச் செயலிகளில் அதன் பெயர் சீ.ஆர். 3. அந்த ஓர் எண் மாறியதும் எல்லா முகவரிகளின் பொருளும் மாறிவிடும். அப்படியாயின், மாற்றுகின்ற கரு தன் காலடி நிலத்தையே இழந்துவிடாதா? இழவாது. அதிபர் அறை இருநேரத்துக்கும் பொதுவாய் இருந்ததுபோல, கருவின் பகுதி எல்லா அட்டவணைகளிலும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். முறைவழிகள் அதனைத் தொட அனுமதி இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆசிரியர் போதாமையால் நான் இருநேரமும் கணிதம் கற்பித்தேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களில் மேசை எண் மட்டுமே இருந்தது. காலை இடாப்பு எனக்கு மனப்பாடம். ஏழாம் எண் தாளொன்று கைக்கு வர, இடாப்பைப் பாராமலே, காலைப் பையனின் பெயருக்குப் புள்ளியை இட்டேன். அவனோ அன்று காய்ச்சலாற் பரீட்சைக்கே வந்திலன். ஆகவே பிழை வெளிப்படவில்லை. பின்னேரத்துச் சிறுமியை 'வரவில்லை' என்று வகுப்பில் வாசித்தேன். அவள் எழுந்து நின்று, "சேர், நான் வந்தனான். அது காலையில் ஏழு, நான் பின்னேரத்து ஏழு" என்றாள். வீட்டையும் ஊரையும் விட்டு வந்த பிள்ளை; அவளிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் நான் பிறர் பெயரில் எழுதிவிட்டேன்.

செயலிக்கும் இத்தகைய மனப்பாடம் உண்டு. ஒவ்வொரு முகவரிக்கும் அட்டவணையைப் படிப்படியாகப் புரட்டினால் வேகம் குன்றும். ஆதலால், அண்மையிற் பார்த்தவற்றைச் சிறு குறிப்பேடொன்றில் வைத்துக்கொள்ளும். முறைவழி மாறும்போது பழைய குறிப்புகள் நிலைத்தால், ஒருவரின் முகவரி மற்றவரின் உடைமையைக் காட்டும். எனவே முற்காலத்தில் அட்டவணை மாறுந்தோறும் அவற்றை அழித்தனர். பாதுகாப்பு உண்டு; ஆனால் மீண்டும் முதலிலிருந்து தேடும் செலவும் உண்டு. பின்னர், ஏறத்தாழ 2010 அளவில், குறிப்பு எவருடையது என்னும் அடையாள எண்ணையும் சேர்த்தெழுதும் வசதியை இன்ரெல் அளித்தது. லினக்ஸ் கரு 2017 இல் அதனைக் கைக்கொண்டது. அச்சிறுமி சொன்ன தீர்வும் அதுவே. அன்றிலிருந்து தாளின் மூலையில் 'கா' என்றும் 'பி' என்றும் எழுதுவித்தேன்.

2018 ஜனவரியில் மெல்ற்டவுன் என்னும் குறைபாடு வெளியானது. பூட்டிய அலுமாரியின் உள்ளடக்கத்தையும், செயலியின் கால வேறுபாட்டை அளந்து ஊகிக்கலாம் என்று தெரிந்தது. அதனால், முறைவழி ஓடும் வேளையில் கருவின் பெரும்பகுதி அட்டவணையிலேயே இராதவாறு இரண்டு அட்டவணைகள் வைக்கலாயினர். மாற்றும் வேலை மிகுந்தது; அதன் பின் அடையாள எண்ணின் அருமை இன்னும் நன்கு விளங்கியது.

மறுநாள் நான் இருநேரத்துப் பிள்ளைகள் முன்னும் பிழையை ஒப்புக்கொண்டு புள்ளியைத் திருத்தினேன். என்னை வினவிய மாணவனுக்கும் இக்கதையையே சொன்னேன். இடம் ஒன்றாயிருக்கலாம், அதனைப் பலர் பகிரலாம், ஆயின், ஒவ்வொருவருக்கும் உரிய இடாப்பு தனித்திருத்தல் வேண்டும். மணி அடிக்கும்போது பழைய நினைவை நம்பாது புதிய இடாப்பைத் திறப்பவனே நல்ல ஆசிரியன். நல்ல கருவும் அதுவே.