துள்ளும் நாய்க்கு ஒரு வேலை

நாய்க் காப்பகத்துக்கு ஒருமுறையாவது போனவர்களுக்குத் தெரியும். அங்கே முதலில் வீடு கிடைப்பது குட்டிகளுக்கு. அடுத்து, மூலையில் சாதுவாகப் படுத்தபடி வாலை மட்டும் ஆட்டுகிற நாய்க்கு. மிஞ்சி நிற்பது யார் என்றால், கம்பி வலையின் மேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டு குதிக்கிற ஒன்றரை வயது நாட்டு நாய்.

வருகிறவர் கேட்பார்: "இது கடிக்குமாங்க?"

"கடிக்காதுங்க. கொஞ்சம் சேட்டை, அவ்வளவுதான்."

"அப்ப வேணாங்க. வீட்ல வயசானவங்க இருக்காங்க."

பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நாய் மட்டும் இன்னும் குதித்துக்கொண்டே இருக்கும். இப்படிக் குதிக்கிற நாய்க்கு எங்கே வீடு தேடுவது என்பதைத்தான் இன்று நம் நெசவு ஊரான ஆரணியை வைத்துப் பேசப் போகிறேன்.

முதலில், அது ஏன் குதிக்கிறது? நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கிற இளம் நாய்க்கு ஓட இடமில்லை, மோந்து பார்க்கப் புதிதாக எதுவுமில்லை. சுற்றிலும் ஐம்பது நாய்களின் குரைப்பு. வெளியாள் ஒருவர் வந்து நிற்கும் அந்த ஐந்து நிமிஷம்தான் அதற்கு அன்றைய திருவிழா. அந்த ஐந்து நிமிஷத்தைப் பார்த்துவிட்டு அதன் குணத்தை முடிவு செய்வது நியாயமில்லை. அமெரிக்காவில் லிசா கன்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், காப்பக நாய்களை ஓரிரண்டு இரவு மட்டும் யாராவது ஒருவர் வீட்டில் தங்கவைத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. வீட்டில் இருந்தபோது நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. இடையில் எழாமல் நீண்ட நேரம் படுத்து ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் கார்ட்டிசால் அளவு மறுபடி பழைய நிலைக்கே ஏறிவிட்டது. ஆக, நாம் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிற சேட்டையில் பாதி அந்த இடத்தினுடையது. மீதிப் பாதி நாயினுடையது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த மீதிப் பாதிக்குத்தான் இடம் தேட வேண்டும்.

இந்த நாய் நம் ஊர் நெசவாளர் வீடு ஒன்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேர் மணி. குழித்தறியில் வீட்டுக்காரர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிறார். மிதி மாறி மாறி இறங்குகிறது. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. நமக்கு அது நாடா, மணிக்கு அது எலி. எத்தனை நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்? ஒரே தாவல். பாவு நூலில் நகம் மாட்டுகிறது. பட்டு இழை தலைமுடிபோல மெல்லியது. ஒரு புடவைப் பாவில் ஆயிரக்கணக்கில் இழைகள். அறுந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுப் புணைக்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. ஜரிகை ஓரம் பழுதானால் புடவையின் விலையும் இறங்கும்.

வீட்டுக்குள்தான் இப்படி என்றில்லை. விடியற்காலையில் நெசவுத் தெருக்களில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்களே, அந்த நேரத்தில் கட்டவிழ்ந்த ஓர் இளம் நாய் அதற்கு நடுவே பாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் மணி காப்பகத்துக்குத் திரும்பிவிடும். "அது நல்ல நாய்தான் சார், ஆனா நூலை இழுத்துட்டா யாரு புணைக்கறது?" என்பார் அவர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர்மேல் தப்பும் கிடையாது. பொருத்தம் பார்க்காமல் கொடுத்தவர்கள்மேல்தான் தப்பு. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில், பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கூடவே வாழப்போகிற ஜீவனுக்கு ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெசவாளர் வீட்டுக்கு இருக்கிற ஒரு வசதி சென்னை அடுக்குமாடியில் எளிதில் கிடைக்காது. வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறது. தனிமை பொறுக்காத நாய், வயதான நாய், ஏற்கெனவே ஒரு குடும்பத்தில் இருந்து கைவிடப்பட்டு மனம் உடைந்த நாய், இவற்றுக்கெல்லாம் தறிச் சத்தம் கேட்கிற திண்ணையைவிட நல்ல இடம் இல்லை. ஆறேழு வயது நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நெசவுத் தெருவில் நாய் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, மணிக்கு எங்கே வீடு?

நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்த காலம், அதாவது 1916இலிருந்து 1922 வரை. கமலா என்ற பெண் நாய், குட்டியாக அங்கே வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நிறைத்துவிடும் என்று பயந்து அங்கிருந்தவர்கள் விரட்டிப் பார்த்தார்கள். அது போவதாக இல்லை. பிறகு நடந்ததுதான் விஷயம். மலைக்குப் புதிதாக யாராவது வந்தால், இவருக்குச் சுற்றிக் காட்டு என்று ரமணர் கமலாவிடம் சொல்வாராம். அது முன்னால் நடந்து, மலையைச் சுற்றியுள்ள தீர்த்தம், சன்னிதி என்று ஒன்று விடாமல் வந்தவரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பும். கீழே ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, ஒரு மான், ஒரு காகம் இவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்ற நாயின் சமாதியும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஜாக்கியைவிடக் கமலாமீதுதான் கண். விரட்டப்பட்ட ஒரு நாய்க்கு அங்கே சோறும் கிடைத்தது, உத்தியோகமும் கிடைத்தது.

துள்ளுகிற நாய்க்குத் தேவை அந்த உத்தியோகம்தான். நம் நாட்டு நாய்களின் உடம்பே அதற்காக அமைந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தி வளர்ந்த இனங்கள்; ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனவை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசியபோதுகூட இந்த நான்கையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். நம் தெருநாய் இனம் கலந்ததாக இருக்கலாம், ஆனால் சுறுசுறுப்பில் இவற்றுக்கு இளைத்ததில்லை. உத்தராகண்ட் காவல்துறையில் தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்து, பயிற்சி கொடுத்து, மோப்ப நாயாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

ஆரணியில் அப்படி என்ன உத்தியோகம் இருக்கிறது என்றால், ஊர் எல்லையைத் தாண்டினால் போதும். களம்பூர்ப் பக்கம் கழனி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பம்புசெட்டுக்குப் போய்வர, வரப்பில் எலியைத் துரத்த, நெல் காயும்போது ஆட்டை அண்டவிடாமல் பார்க்க ஒரு துணை வேண்டும். காவல் தேவைப்படுகிற, சுற்றுச்சுவர் உள்ள அரிசி ஆலைகள் இருக்கின்றன. ஆனால் கழனி என்றதும் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிட்டு வருவதற்கு ஒரு நாய் என்று யாரும் எண்ண வேண்டாம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதே குற்றம். அது இருக்கட்டும், இராத்திரி மனிதவாடையே இல்லாத இடத்தில் நாய் தங்காது, அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. விடியற்காலை மைதானத்தில் பாருங்கள். போலீஸ் தேர்வுக்கும் பட்டாளத் தேர்வுக்கும் ஓடுகிற பையன்கள். நம் பகுதியில் பட்டாள ஆசை பரம்பரை ஆசை. பக்கத்து வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை அதற்கே பேர்பெற்ற ஊர். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். ராணுவத்துக்கு 1,600 மீட்டர். தினம் எழுப்பிவிட ஆளில்லை என்று சொல்கிற பையனுக்கு மணியைவிட நல்ல அலாரம் எது? வயது ஒன்று தாண்டிய, உடம்பில் குறையில்லாத நாய் அந்தத் தூரத்தைச் சிரித்துக்கொண்டே ஓடும். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் வரை தூங்கும். அந்தத் தூக்கத்தில் தறி ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பையன் தேர்வாகிப் பயிற்சிக்குப் போய்விட்டால் நாய் யாரிடம்? தம்பியா, தங்கையா, அப்பாவா என்று அந்த வீட்டில் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த வீடு வேண்டாம்.

வெயிலை மறந்துவிடக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தார் ரோடு நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். நீங்கள் பொறுக்கும் நேரம் வரைதான் அதுவும் பொறுக்கும். ஓட்டமெல்லாம் சூரியன் ஏறுவதற்குள்.

ஓடவைக்க ஆளில்லாத நாளில் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். சோற்றைத் தட்டில் கொட்டாமல், முட்டையோடு பிசைந்து நாலைந்து கொட்டாங்குச்சியில் அப்பிக் கொல்லையில் ஆங்காங்கே ஒளித்து வையுங்கள். மோந்து தேடி, நக்கி முடிப்பதற்குள் நாய் பாதி களைத்துவிடும். மேலே பாய்கிற பழக்கத்துக்கும் மருந்து எளிது. பாயும்போது திட்டாதீர்கள், தள்ளாதீர்கள்; அதற்கு இரண்டுமே விளையாட்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு மரம்போல நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் தட்டிக்கொடுங்கள். வீட்டில் எல்லாரும் இப்படியே செய்தால் சில வாரங்களில் படியும். பாட்டி ஒருத்தி மட்டும், பாய்ந்ததும் "அட என் ராசா" என்று பிஸ்கட் கொடுத்தால் படியாது. எந்த வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருக்கிறார், என்ன செய்வது!

நாயை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாதவர்களும் இதில் உதவ முடியும். லிசா கன்டர் குழுவினர் 2023இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 51 காப்பகங்களில் நடந்தது. சில மணி நேரம் வெளியே உலாவ அழைத்துப் போகப்பட்ட நாய்களுக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு, மற்றவற்றைப்போல ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. ஓரிரு இரவு வீட்டில் தங்கிய நாய்களுக்கு 14 மடங்கு. வெளியே நான்கு பேர் பார்க்கிறார்கள். "வண்டியில் அமைதியாக உட்கார்ந்து வந்தது", "குழந்தையைப் பார்த்து ஒதுங்கி நின்றது" என்று கூட்டிப்போனவர் வந்து சொல்கிறார். கம்பிக்குப் பின்னால் தெரியாத குணம் அப்போதுதான் தெரிகிறது.

இது இப்போது ஏன் அவசரம் என்றால், காப்பகங்களில் நெரிசல் இனிமேல் கூடும். சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று வெகுகாலம் வாதாடியது. 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. பிறகு 2001இலும் 2023இலும் மத்திய அரசு விதிகளாகவே வந்தன. ஆனால் 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு முன்பு, ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவில், நாய்களைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்தபின் அவை மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. உத்தரவு சரியா தவறா என்று இரு தரப்பும் சண்டை போடட்டும். நாய்க்கடிக்குப் பயந்து குழந்தையைத் தெருவில் விடாத தாயின் பயமும் உண்மை, கூண்டில் வாழ்நாள் கழிக்கிற நாயின் அவஸ்தையும் உண்மை.

ஆரணியிலிருந்து திருவண்ணாமலை சுமார் 60 கிலோமீட்டர். அங்கே அருணாசலா விலங்குகள் சரணாலயம் தெருநாய்களுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்து, வீடும் தேடிக்கொடுத்து வந்திருக்கிறது. போகும்போது குடும்பத்தோடு போங்கள். ஒரே பார்வையில் முடிவெடுக்காமல், நாயை வெளியே நடத்திக்கொண்டு போய்ப் பாருங்கள். "நாள் முழுக்க இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். கடிக்குமா என்பதைவிட அதுதான் முக்கியமான கேள்வி. கருத்தடை ஆயிற்றா, வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். வருஷா வருஷம் அந்த ஊசியைக் கால்நடை மருத்துவமனையில் நாய்க்குப் போட்டுவிட வேண்டும்.

கூட்டி வருவதற்கு நாள் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தீபாவளிக்கு முன்னால் வேண்டாம். புது இடத்தில் வெடிச் சத்தம் கேட்டால் மிரண்டு ஓடிவிடும், பிடிக்க முடியாது. தீபாவளி கழிந்து, மழையில் பாவு வேலை மந்தப்பட்டு, தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிவதற்கு முன்னால் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே, அந்த வாரங்களில் கூட்டி வாருங்கள். முதல் நாளே கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதித் தைத்துவிடுங்கள். தறி அறைக்குக் கதவில்லை என்றால், நாயை அழைத்து வருவதற்கு முன்பே ஒரு கதவு போட்டுவிடுங்கள்.